சிங்கப்பூர்ல வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல ஊர்ப் பத்திரத்துல உங்க பேர் இருக்கானு பாருங்க!

விருத்தாசலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டுல இருக்கற மங்கலம்பேட்டையா இருக்கட்டும், சுற்றுவட்டாரத்துல வேற எந்த ஊரா இருக்கட்டும்... "மாமா சிங்கப்பூர்ல இருக்காங்க", "அண்ணன் துபாய்ல இருக்கான்" என்று சொல்ல வீட்டுக்கொருத்தராவது இருப்பாங்க. முந்தைய தலைமுறைக்குக் கணக்கு ரொம்ப சிம்பிள். அங்கே சம்பாதிக்கணும், ஊர்ல வீடு கட்டணும், கடைசியில அந்த வீட்டுக்கே திரும்பி வரணும்.

இந்தத் தலைமுறைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தல. மனைவியும் அங்கேயே வேலை பாக்கறாங்க, பசங்க அங்கேயே ஸ்கூல் போறாங்க. மாசாமாசம் வாடகை கட்டறப்ப, 'இதே காசுக்கு இ.எம்.ஐ கட்டினா சொந்த வீடே வந்துடுமே' என்று மனசு கணக்குப் போடும். நியாயமான ஆசைதான். ஆனா, வெளிநாட்டுல வீடு வாங்கறப்போ பேங்க் பேலன்ஸுக்கு முன்னாடியே ரெண்டு பேப்பர் பேசும். ஒண்ணு, உங்க பாஸ்போர்ட்ல இருக்கற விசா. இன்னொண்ணு, ஊர்ல பீரோவுக்குள்ள இருக்கற வீட்டுப் பத்திரம். முதலாவதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ரெண்டாவதைப் பத்தி யாரும் வாய் திறக்க மாட்டாங்க. பிரச்னை பெரும்பாலும் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்.

விசா என்ன சொல்லுது?

சிங்கப்பூரையே எடுத்துக்குவோம். அங்கே பெரும்பாலான மக்கள் வாழறது ஹெச்.டி.பி எனப்படும் வீட்டு வசதி வாரியத்தின் அடுக்குமாடிகள்ல. 1960-ல் தொடங்கப்பட்ட வாரியம் இது. வீடு 99 வருஷக் குத்தகையில் கிடைக்கும். தனியார் காண்டோவை விட விலை குறைவு. அதனால எல்லாருக்கும் கண்ணு அதுமேலதான். ஆனா யாருக்குக் கிடைக்கும்?

* வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்: ஹெச்.டி.பி வீடு வாங்கவே முடியாது. வாடகைக்கு இருக்கலாம், அவ்வளவுதான்.
* கணவன், மனைவி ரெண்டு பேரும் பி.ஆர்: புது வீடு கிடையாது. ரீசேல் வீடு வாங்கலாம். அதுக்கும் ரெண்டு பேரும் பி.ஆர் வாங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும்.
* ஒருத்தர் சிட்டிசன், இன்னொருத்தர் பி.ஆர்: வாரியத்திடம் நேரடியா புது வீட்டுக்கே விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு மாதிரியான மத்த நிபந்தனைகளும் உண்டு.
* தனி ஆளா இருக்கற பி.ஆர்: ஹெச்.டி.பி வீடு தனியா வாங்க முடியாது.

'அப்போ எம்ப்ளாய்மென்ட் பாஸ்லயே காண்டோ வாங்கிடலாமே?' வாங்கலாம். சட்டம் தடுக்காது, வரி தடுக்கும். 2023 ஏப்ரல் 27-லிருந்து வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினா கூடுதல் முத்திரை வரி 60 சதவிகிதம். 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு ஒரு காண்டோ என்றால் இந்த வரி மட்டும் 6 லட்சம் டாலர். வழக்கமான முத்திரை வரி 24,600 டாலர் தனி. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே மாதிரி சில நாட்டுக் குடிமக்களுக்கு வர்த்தக ஒப்பந்தப்படி சலுகை இருக்கு. அந்தப் பட்டியல்ல இந்தியா இல்லை.

இன்னொரு விஷயம். 1989-லிருந்து ஒவ்வொரு ஹெச்.டி.பி பிளாக்லயும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மற்றும் பிறர் என்று இன விகிதாசாரம் உண்டு. இந்தியர் கோட்டா நிறைஞ்ச பிளாக்ல நீங்க வாங்கணும்னா, விற்கறவரும் அதே பிரிவுல இருக்கணும். மலேசியர் அல்லாத பி.ஆர்-களுக்குத் தனியா ஒரு கோட்டாவும் இருக்கு. பிளாக்குக்கு 8 சதவிகிதம், வட்டாரத்துக்கு 5 சதவிகிதம். வீடு பிடிச்சுப்போய் பேசி முடிச்ச பிறகு கோட்டா இடிச்சா மனசு உடைஞ்சிடும். ஹெச்.டி.பி தளத்துல பிளாக் நம்பரைப் போட்டு முதல்லயே பாத்துடலாம்.

இப்போ ஊர்ப் பத்திரத்துக்கு வருவோம்!

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. பையன் தலையெடுத்ததும் அப்பாவோ அத்தாவோ வீட்டைப் பையன் பேர்ல எழுதி வெச்சுடுவாங்க. இல்லைன்னா வெளிநாட்டுல இருந்து பையன் அனுப்பின காசுல கட்டின வீடு, பையன் பேர்லயே பதிவாகியிருக்கும். தாத்தா காலமான பிறகு பங்கு பிரிக்காமலே வாரிசா உங்க பேரும் சேர்ந்திருக்கலாம். உங்களுக்கு அது சொத்து மாதிரியே தோணாது. அம்மா இருக்கற வீடு, பொங்கலுக்குப் போய் இறங்கற இடம்.

ஹெச்.டி.பி கண்ணுக்கு அது 'வெளிநாட்டுல உள்ள தனியார் குடியிருப்புச் சொத்து'. பி.ஆர் தம்பதி ரீசேல் வீடு வாங்கினா, வெளிநாட்டுல அவங்களுக்கு இருக்கற தனியார் குடியிருப்புச் சொத்தை வாங்கின 6 மாசத்துக்குள்ள விட்டாகணும். சிட்டிசன் சேர்ந்து வாரியத்திடமிருந்து புது வீடு வாங்கறதா இருந்தா இன்னும் கடுமை. விண்ணப்பிக்கறதுக்கு முந்தைய 30 மாசமா உள்ளூர்லயும் வெளிநாட்டுலயும் அப்படி ஒரு சொத்து உங்ககிட்ட இருந்திருக்கவே கூடாது. விலை கொடுத்து வாங்கினது, தானமா வந்தது, வாரிசு உரிமையில வந்தது, வேற ஒருத்தர் பேர்ல நீங்க வெச்சிருக்கறது... எல்லாமே கணக்குல வரும்.

அதாவது, சிங்கப்பூர்ல வீட்டுச் சாவி கையில வாங்கின அன்னிக்கு, மங்கலம்பேட்டை வீட்டுக்கு 6 மாசக் கெடு ஆரம்பிக்குது.

இது வெறும் பேப்பர் விஷயம் இல்லை. அந்த வீட்டுல அம்மா இருக்காங்க. தங்கச்சிக்கு அதுல பங்கு இருக்கு. உங்க பங்கைப் பெத்தவங்களுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ தான செட்டில்மென்ட்டாவோ விடுதலைப் பத்திரமாவோ எழுதிக் கொடுத்தா, அது நிஜமாவே அவங்க சொத்து. 'இப்போதைக்கு உன் பேர்ல இருக்கட்டும்டா, பிறகு வாங்கிக்கறேன்' என்கிற வாய்ப்பேச்சு ஊர்ல சட்டப்படி நிக்காது. அங்கே அது 'வேற ஒருத்தர் பேர்ல வெச்சிருக்கற சொத்து'ன்னு உங்களையே மாட்டிவிடும். அதனால இந்தப் பேச்சை வீடு பாக்கறதுக்கு முன்னாடியே, வீட்டுல எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசி முடிங்க. 'என் பங்கை விட்டுத் தர்றேன்' என்று நீங்களே முடிவெடுக்கறது வேற. கெடு நெருங்கறப்போ அவசரத்துல எழுதிக் கொடுக்கறது வேற.

நடைமுறையில செய்ய வேண்டியது:

* வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க. உங்க பேர்ல என்னென்ன இருக்குன்னு தெரியும். தமிழ்நாடு பதிவுத்துறை தளத்துலயே பாக்கலாம்.
* பட்டாவுல யார் பேர் இருக்குன்னு பாருங்க. பத்திரம் ஒருத்தர் பேர்லயும் பட்டா இன்னொருத்தர் பேர்லயும் இருக்கறது நம்ம பக்கம் சகஜம்.
* ஊருக்கு வர முடியலைன்னா, இந்தியத் தூதரகத்துல கையெழுத்துப் போட்டு பவர் அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள இங்கே முத்திரைத் தீர்வை கட்டணும்.
* எந்தச் சொத்தையும் மறைக்காதீங்க. விண்ணப்பத்துல பொய் சொன்னா வீட்டையே திரும்ப எடுத்துக்கற அதிகாரம் ஹெச்.டி.பி-க்கு இருக்கு.

'முதல் வீடு' சலுகையும் போகும்!

இது சிங்கப்பூரோட நிக்கற விஷயம் இல்லை. இங்கிலாந்துல முதல் முறை வீடு வாங்கறவங்களுக்கு 3 லட்சம் பவுண்டு வரைக்கும் முத்திரை வரி கிடையாது. ஆனா 'முதல் முறை' என்றால், உலகத்துல எங்கேயுமே வீடு சொந்தமா இருந்திருக்கக் கூடாது. வாரிசா வந்த ஊர்வீடும் அதுல சேரும். அதுமட்டுமில்லாம, 2024 அக்டோபர் 31-லிருந்து ரெண்டாவது வீட்டுக்கு 5 சதவிகிதம் கூடுதல் வரி. அந்த 'முதல் வீடு' விருத்தாசலத்துல இருந்தாலும், உங்க பங்கோட மதிப்பு 40,000 பவுண்டைத் தாண்டினா கணக்குல எடுத்துக்குவாங்க. கணவன், மனைவியை ஒரே யூனிட்டா பாக்கறதால, மனைவி பேர்ல இருக்கற சொத்தும் சேரும்.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துலயும் முதல் வீட்டுக்காரங்களுக்கு நிலப் பரிமாற்ற வரியில சலுகை உண்டு. அங்கேயும் அதே கேள்விதான்: உலகத்துல வேற எங்கேயாவது வீடு இருந்திருக்கா?

விசாவும் அங்கே பேசும். 2023 ஜனவரி 1-லிருந்து கனடாவுல வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை. 2027 ஜனவரி 1 வரை நீட்டிச்சிருக்காங்க. பி.ஆர் இருந்தா இந்தத் தடை இல்லை. வொர்க் பெர்மிட்ல 183 நாளாவது பாக்கி இருந்தா ஒரு வீடு வாங்க விலக்கு உண்டு. ஆனா தடையில விலக்கு கிடைச்சாலும், வெளிநாட்டுக்காரர் என்பதால ஒன்டாரியோவுல 25 சதவிகித ஊக வரி தனியா நிக்கும். ஆஸ்திரேலியாவுல 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, தற்காலிக விசாவுல இருக்கறவங்க ஏற்கெனவே கட்டின பழைய வீட்டை வாங்க முடியாது.

கையில எவ்வளவு இருக்கணும்?

சிங்கப்பூர்ல 6 லட்சம் டாலருக்கு ஒரு ரீசேல் வீடு. நீங்க ரெண்டு பேரும் பி.ஆர். இது உங்களுக்கு முதல் வீடு. கணக்கு இப்படி வரும்:

* பி.ஆர் தம்பதிக்கு ஹெச்.டி.பி கடன் கிடையாது, பேங்க் கடன்தான். அது அதிகபட்சம் 75 சதவிகிதம். மீதி 25 சதவிகிதம், அதாவது 1,50,000 டாலர் உங்க பொறுப்பு. இதுல குறைஞ்சது 5 சதவிகிதம் ரொக்கமா இருக்கணும். மீதியை சி.பி.எஃப்-லிருந்து எடுக்கலாம்.
* வழக்கமான முத்திரை வரி 12,600 டாலர்.
* பி.ஆர் என்பதால கூடுதல் முத்திரை வரி 5 சதவிகிதம், 30,000 டாலர்.
* ஆக மொத்தம் 1,92,600 டாலர். வக்கீல், ஏஜென்ட் கட்டணம் தனி.

இதே வீட்டை ஒரு சிட்டிசன் தம்பதி முதல் வீடா வாங்கினா, அந்த 30,000 டாலர் வரி இல்லை. பி.ஆர் கிடைச்ச முதல் ரெண்டு வருஷம் சி.பி.எஃப் பங்களிப்பும் குறைவான விகிதத்துலதான் பிடிக்கப்படும். அதனால 'சி.பி.எஃப்-ல இருக்கும்' என்று நினைக்காம, கணக்கைத் திறந்து பாருங்க. மாசத் தவணையும் மொத்தச் சம்பளத்துல 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கின பிறகு குறைஞ்சது 5 வருஷம் அந்த வீட்டுல குடியிருக்கணும். அதுக்குள்ள விக்க முடியாது.

'ரெண்டு வருஷம் பாத்துட்டு ஊருக்குப் போயிடலாம்'னு மனசு சொல்லுதா? அப்போ வாடகைதான் உங்களுக்கு லாபம்.

துபாய் கதையே வேற!

துபாய்ல விசா பெரிய தடை இல்லை. 2002-லிருந்து வெளிநாட்டவரும் குறிப்பிட்ட பகுதிகள்ல வீடு வாங்கலாம். 2006-ல் வந்த 7-ம் எண் சட்டம் அதை உறுதியாக்குச்சு. கோட்டா இல்லை, ஊர்வீட்டைப் பத்தியும் யாரும் கேட்கறதில்லை. அதனாலேயே 'வாடகை காசுல வீடு' விளம்பரத்துல சட்டென்று விழறவங்க அதிகம். பத்து லட்சம் திர்ஹாம் வீட்டுக்கு 20 சதவிகிதம் முன்பணம், அதாவது 2 லட்சம் இருந்தா போதும்னு சொல்வாங்க. மேல இன்னும் இருக்கு:

* துபாய் நிலத்துறைக்கு 4 சதவிகிதம்: 40,000 திர்ஹாம்.
* ஏஜென்ட்டுக்கு வழக்கமா 2 சதவிகிதம், அதுக்கு வாட் வரி: 21,000 திர்ஹாம்.
* அடமானப் பதிவு, 8 லட்சம் கடனுக்கு 0.25 சதவிகிதம்: 2,000 திர்ஹாம்.

ஆக, கையில 2,63,000 திர்ஹாமாவது வேணும். வருஷா வருஷம் சர்வீஸ் சார்ஜ் தனி. இன்னும் கட்டி முடிக்காத வீடுன்னா பேங்க் பாதி வரைக்கும்தான் கடன் தரும். அந்தப் பணமும் 2007-ம் வருஷ 8-ம் எண் சட்டப்படி, அந்த புராஜெக்டோட எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போகணும். ஏஜென்ட்டோட சொந்த அக்கவுன்ட்டுக்குக் கட்டச் சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க.

துபாய்ல இருக்கற நிஜ ரிஸ்க், வீடு உங்களோடதா இருந்தாலும் வேலை உங்களோடது இல்லைங்கறதுதான். பெரும்பாலானவங்களுக்கு விசா கம்பெனியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. 20 லட்சம் திர்ஹாமுக்கு மேல சொத்து இருந்தா 10 வருஷ கோல்டன் விசா வாங்கலாம். அதுக்குக் கீழே வாங்கறவங்க, 'வேலை போனா என்ன பண்றது?' என்ற கேள்விக்குப் பதில் வெச்சிருக்கணும். 2008 நெருக்கடியில துபாய் வீட்டு விலை சரிஞ்சப்போ வேலையும் சேர்ந்தே போச்சு. விலை இறங்கற நேரமும் வேலை போற நேரமும் பெரும்பாலும் ஒண்ணாவே வரும். நீங்க ஊருக்கு வந்து ரூபாய்ல சம்பளம் வாங்கினாலும் தவணை திர்ஹாம்லதான். திர்ஹாம் டாலரோட கட்டப்பட்டிருக்கு. ரூபாய் இறங்க இறங்க உங்க இ.எம்.ஐ ஏறும்.

'சித்தப்பா பேர்ல வாங்கிக்கலாமா?'

சொந்தக்காரர் சிட்டிசனா இருந்தா இந்த யோசனை கண்டிப்பா வரும். 'அவர் பேர்ல வாங்குவோம், தவணையை நாம கட்டுவோம்.' வேண்டவே வேண்டாம். ஹெச்.டி.பி வீட்டைத் தகுதியில்லாத ஒருத்தருக்காக இன்னொருத்தர் பினாமியா வெச்சுக்க சட்டத்துல இடமில்லை. நாளைக்கு சித்தப்பா குடும்பத்துல பிரச்னை வந்தா, நீங்க கட்டின காசுக்கு உரிமை கோரி கோர்ட்டுக்குப் போறதே கஷ்டம். வீடும் போகும், உறவும் போகும்.

யார் பேர்ல வாங்கறோம்ங்கறதுக்கு இன்னொரு முகமும் இருக்கு: நமக்கு ஏதாவது ஆச்சுன்னா? சிங்கப்பூர், இங்கிலாந்துல ரெண்டு பேரும் இணை உரிமையா வாங்கினா, ஒருத்தர் இறந்தா மத்தவருக்கு வீடு நேரா போகும். பங்கு உரிமையா வாங்கினா, அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. அமீரகத்துல முஸ்லிம் குடும்பத்துக்கு ஷரியத் படி பங்கு பிரியும். முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 2023 பிப்ரவரி 1-லிருந்து தனிச் சட்டம் இருக்கு. உயில் இல்லைன்னா பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. ஊர்ல அம்மா, அப்பா உங்களை நம்பி இருந்தா, அந்தக் கணக்குல அவங்க வரவே மாட்டாங்க. அவங்களுக்கும் ஏதாவது போய்ச் சேரணும்னா, வீடு வாங்கற வாரமே உயிலும் எழுதிடுங்க.

ஊர்ல இருந்து பணம் அனுப்பணுமா?

ஊர் மனையை வித்து அங்கே முன்பணம் கட்டற குடும்பங்கள் உண்டு. சட்டப்படியே செய்யலாம். உங்க என்.ஆர்.ஓ கணக்குல இருந்து வரி கட்டின பணத்தை ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுக்கலாம். ஊர்ல இருக்கற அப்பா அனுப்பினா, ஆளுக்கு வருஷம் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை. வீடு வாங்க அனுப்பற பணம் வருஷத்துல 10 லட்சம் ரூபாயைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு 20 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிப்பாங்க. வருமான வரிக் கணக்குல அதைத் திரும்பப் பெறலாம். ஆனா அதுவரைக்கும் கையில இருக்காது, முன்பணக் கணக்குல இதையும் சேருங்க.

உண்டியல்ல அனுப்பறது சீக்கிரம் போகும், உண்மைதான். ஆனா வெளிநாட்டு பேங்க் 'இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு?'னு கேட்கறப்போ காட்டறதுக்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. கடன் நிக்கறது அங்கேதான்.

நாளைக்கே நீங்க இந்தியா திரும்பினாலும், அங்கே இருந்தப்போ வாங்கின வீட்டை ஃபெமா சட்டப் பிரிவு 6(4) படி வெச்சுக்கலாம். ஆனா வருமான வரிப்படி முழு ரெசிடென்ட் ஆனதும், அந்த வீட்டையும் அதோட வாடகையையும் வரிக் கணக்குல காட்டணும். காட்டலைன்னா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

டோக்கன் கொடுக்கறதுக்கு முன்னாடி 5 கேள்விகள்

1. என் விசாவுக்கு எந்த வீடு வாங்கலாம்? சிங்கப்பூர்ன்னா ஹெச்.டி.பி-யோட தகுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பேரம்.
2. ஊர்ல என் பேர்லயோ துணை பேர்லயோ என்ன சொத்து இருக்கு? அதை விடச் சொன்னா விடத் தயாரா?
3. முன்பணம், வரி, கட்டணம் எல்லாம் கட்டின பிறகும் 6 மாசத் தவணை கையில மிஞ்சுமா?
4. குறைஞ்சது 5 வருஷம் இந்த நாட்டுலதான் இருப்போமா?
5. எனக்கு ஏதாவது ஆனா, வீடு யாருக்குப் போகும்?

விதிகளும் வரியும் அடிக்கடி மாறும். அதனால கையெழுத்துப் போடற வாரம் அந்தந்த அரசுத் தளத்துல ஒரு தடவை சரிபாருங்க. விற்கறவரோட வக்கீலை நம்பாம, உங்களுக்குன்னு ஒரு வக்கீலை வெச்சுக்கங்க.

அஞ்சு கேள்விக்கும் பதில் இருந்தா தைரியமா வாங்குங்க. ரெண்டாவது கேள்வியில மட்டும் தொண்டை அடைச்சுதுன்னா, புரோக்கருக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போடுங்க.